மரத்துக்குப் போனது

ஆவாரங்குளம் பேருந்து நிலையத்துக்கு எதிரே நிற்கிற தூங்குமூஞ்சி மரம் ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் இலைகளை மூடிக்கொண்டது. தூங்குமூஞ்சி மரம் இலையை மூடுவதில் அதிசயம் ஒன்றும் இல்லை, அதனால்தானே அதற்கு அந்தப் பெயர். பொழுது சாயச் சாய இலைகளை ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு தூங்கப் போய்விடும், மழை இருட்டினாலும் அப்படித்தான் செய்யும். ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், மேகம் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லாத வானத்தின் கீழே, அவ்வளவு பெரிய மரம் மொத்தமும் சட்டென்று சுருங்கிக்கொண்டதும், நிழலில் நின்ற ஆட்டோக்களின் மேலும், மைதீன் ராவுத்தரின் டீக்கடை பெஞ்சின் மேலும், மதுரை பஸ்ஸுக்காகக் கால் கடுக்க நின்றவர்களின் மேலும் வெயில் குடம் குடமாகக் கொட்டியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மரத்தடியில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிற மூக்கம்மாள் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. கரியை ஊதுவதற்காகத் திறந்து வைத்த இஸ்திரிப் பெட்டியின் இரும்பு விளிம்பில் இடது கையை ஊன்றியபடி, என்னமோ கருகுகிற வாடை வருகிறதே, யார் வீட்டு வேட்டியைத் தீய்த்துவிட்டோமோ என்று அவள் பதறிப்போய் வண்டியில் தேடிக்கொண்டிருந்தாள்.

கருகியது அவள் உள்ளங்கைதான்.

மூக்கம்மாளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்காமல் போனதால், இவளாவது தங்கட்டும் என்று பிறந்த கையோடு மூக்கைக் குத்தி அந்தப் பெயரை வைத்தார்கள். தங்கினாள். கல்யாணம் கட்டி ஆவாரங்குளம் வந்தாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான் என்று தெரிந்தபோதும், அழுது முடித்துவிட்டு, அவன் விட்டுப்போன இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்து நின்றாள். ஊரில் மடிப்புக் கலையாத சட்டை போட்டவர் யாராக இருந்தாலும், மாப்பிள்ளையானாலும் வாத்தியாரானாலும், அந்த மடிப்பு அவள் வைத்ததுதான். அப்படிப்பட்டவளின் உடம்புக்குள் நோய் எப்போது வந்து உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. முகம் முதலில் மினுமினுத்தது. எண்ணெய் தேய்த்ததுபோல் இருக்கிறாளே என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பிறகு புருவம் ஓரத்திலிருந்து உதிர ஆரம்பித்தது, அவள் கண்மையால் வரைந்துகொண்டாள், வெயிலில் வேர்வையோடு அது வழிந்தது. காதுமடல் தடித்துத் தொங்கியது, நெற்றியில் வரப்பு வரப்பாகத் தோல் மடிந்தது, கன்னத்திலும் கையிலும் சின்னச் சின்னக் கட்டிகள் எழும்பின, மூக்கு அடைத்து அடைத்து ரத்தம் வந்து கடைசியில் மூக்குத்தண்டு உள்ளே அமுங்கியது. மூக்குத்தி ஒரு பக்கமாகச் சரிந்தபோது ஆட்டோக்காரர்கள் அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. விரல்கள் மடங்கத் தொடங்கியதைத் துணிக்குள் ஒளித்துக்கொண்டாள். உள்ளங்காலில் புண் வந்தது, அது வலிக்கவில்லை, வலிக்காத புண்ணை யார் பெரிதாக நினைப்பார்கள்?

கை கருகிய அன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் எஸ்தரம்மா வந்தார். மூக்கம்மாளை வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பேனா நுனியால் கையில் அங்கங்கே தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று காட்டு என்றார். மூக்கம்மாள் காத்திருந்தாள். தொட்டு முடித்த பிறகும் காத்திருந்தாள். எஸ்தரம்மா முழங்கைக்குப் பின்னால் தடித்திருந்த நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "உணர்ச்சி மரத்துப் போச்சும்மா" என்றார்.

அப்போது பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி நிலையத்துக்குள் திரும்பியது. ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தலைவரான முத்திருளனுக்கு, வருஷக்கணக்காக டீசல் ஆட்டோவின் சத்தத்தோடு குடித்தனம் நடத்தியதில் காது கொஞ்சம் மந்தம். அவர் காதில் விழுந்தது இப்படி: உணர்ச்சி மரத்துக்குப் போச்சும்மா.

அவர் மரத்தைப் பார்த்தார். இலைகள் இன்னும் மூடித்தான் இருந்தன. "அதானே பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டு டீக்கடைக்குப் போய், இஸ்திரிக்காரம்மாவுடைய உணர்ச்சி மரத்துக்குப் போய்விட்டதாம், நர்ஸம்மாவே சொல்லிவிட்டார் என்று ராவுத்தரிடம் சொன்னார். ராவுத்தர் மரத்தடிப் பூக்காரியிடம் சொன்னார், பூக்காரி கோயிலில் சொன்னாள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தப்பாகக் கேட்டதைத் திருத்த எஸ்தரம்மா முயற்சி பண்ணாமல் இல்லை. ஆனால் மறுநாள் மூக்கம்மாள் கரித்துண்டை விரலால் தள்ளியபோது மரத்தின் கிழக்குக் கிளை ஒன்று மட்டும் இலையை மூடிக்கொண்டது. அதற்கு அடுத்த நாள் அவள் பாதத்தில் முள் ஏறியபோது தாழ்ந்து தொங்குகிற தெற்குக் கொப்பு சுருங்கியது. அதற்கப்புறம் எஸ்தரம்மா திருத்துவதை விட்டுவிட்டார். முத்திருளன் அப்படிக் கேட்டதனால் அது மரத்துக்குப் போனதா, போனது தெரிந்துதான் அவர் காது அப்படிக் கேட்டதா என்று ராவுத்தர் கடையில் இன்றைக்கும் தர்க்கம் நடக்கும். எனக்கு அதில் அக்கறை கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், மரத்தை உடனே நம்பிய ஊர், எஸ்தரம்மாவை நம்பவில்லை. இது கிருமியால் வருகிற நோய், சாபமும் இல்லை பாவமும் இல்லை, அட்டையில் இருக்கிற மாத்திரையை ஒரு வருஷம் விடாமல் சாப்பிட்டால் கிருமி செத்துப்போகும், முதல் மாத்திரை உள்ளே போனதுமே மற்றவர்களுக்கு ஒட்டாது, இன்றைக்கே அவள் என் முன்னால் விழுங்கிவிட்டாள், போன உணர்ச்சி திரும்பாது, ஆனால் இருக்கிற விரலையும் கண்ணையும் காப்பாற்றிவிடலாம் என்று அவர் வீடு வீடாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு தலையாட்டினார்கள், தலையாட்டிவிட்டுத் துணி கொடுப்பதை நிறுத்தினார்கள். முத்திருளன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, இந்தாம்மா, சுண்ணாம்புக் கரட்டுக்கு அந்தப்பக்கம் இந்த நோய்க்காரர்களுக்கென்று குடியிருப்பு இருக்கிறது, உனக்கும் தோதாக இருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மூக்கம்மாள் வண்டியின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, கரட்டைச் சுற்றிப் போகிற பாதையில் நடந்து போனாள். அன்றைக்கு அவள் பட்ட அவமானத்துக்கு எந்த மரமும் இலை மூடவில்லை, அது அவளுக்குள்ளேயே இருந்தது.

அவள் போன பிறகுதான் ஊருக்கு விஷயம் புரிந்தது. குடியிருப்பில் அவளுக்கு ஒரு அறை கிடைத்தது, அங்கே இருந்தவர்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் அவரவர் கையே அவரவருக்குத் தெரியாத இடத்தில் யார் யாருக்குச் சொல்வது? மூன்று கல் அடுப்பில் அவள் காலையில் உலை வைப்பாள், மரம் மூடும். மதியம் ரசம் கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்குவாள், மரம் மூடும். அவள் என்ன சமைக்கிறாள் என்பதைக்கூடச் சொல்லிவிடலாம் என்று ராவுத்தரின் கடையில் ஒருவன் சிரித்தான், ஆனால் அக்கினி நட்சத்திரம் நெருங்க நெருங்கச் சிரிப்பு குறைந்தது. ஆட்டோ சீட்டில் உட்கார முடியவில்லை. பெஞ்சில் டீ குடிக்க ஆள் இல்லை. பூ கூடையிலேயே வாடியது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண் மயங்கி விழுந்தாள். பழுத்துப்போன இலைகள் கொத்துக் கொத்தாக விழ ஆரம்பித்தன, கிழக்குக் கிளையின் நுனி ஒன்று கருகியே போயிற்று, அன்றைக்கு மூக்கம்மாளின் சுண்டுவிரல் நுனி போனது என்று பிறகு தெரிந்தது.

ஒரு காலை வேளையில் முத்திருளனும் ராவுத்தரும் ஆட்டோவில் கரட்டைச் சுற்றிக்கொண்டு போய் அவள் அறை வாசலில் நின்றார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், சௌகரியமா, தண்ணி வசதி எல்லாம் எப்படி என்று ராவுத்தர் இழுத்தார். மூக்கம்மாள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னையக் கூப்புட வந்தீகளா, நெழலக் கூப்புட வந்தீகளா?"

முத்திருளன் பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நெழலத்தான்" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அமுங்கின மூக்கு வழியாக அந்தச் சிரிப்பு ஒரு மாதிரி விசிலோடு வந்தது. மழுப்பாமல் சொன்னார்களே, அதுவே போதும் என்றாள். இன்னொரு தடவை மட்டும் யாரும் என்னைக் கிளம்பச் சொல்லக்கூடாது, சொன்னால் செத்தாலும் திரும்பி வரமாட்டேன் என்றாள். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

இப்படியாக மூக்கம்மாளின் கையைக் காவல் காப்பது ஆவாரங்குளத்தின் அன்றாட வேலைகளில் ஒன்றாயிற்று. பிரியத்தினால் அல்ல, நிழலுக்காக. பிரியம் பின்னால் வந்தது, வழக்கமாக அது அப்படித்தான் வரும். மரத்தில் எந்தக் கொப்பு எந்த விரல் என்று ஊருக்கே மனப்பாடமாயிற்று. மேற்குக் கிளை சிலிர்த்தால் யாராவது ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்தாலும் சரி, "வலது கை!" என்று குரல் கொடுப்பார், அவள் கையை உதறி எடுப்பாள். தெற்குக் கொப்பு சுருங்கினால் "காலப் பாரு!" என்பார்கள், அவள் செருப்பைக் கழற்றிக் கல்லை எடுத்துப் போடுவாள். ஆசாரி இஸ்திரிப் பெட்டிக்குத் தடிமனான மரப்பிடி போட்டுக் கொடுத்தார். பூக்காரி பழைய சாக்கில் கையுறை தைத்தாள். சாயங்காலம் மரம் தூங்குவதற்கு முன்னால் மூக்கம்மாள் வாளித் தண்ணீரில் கை காலை ஊறவைத்து எண்ணெய் தடவ வேண்டும் என்று எஸ்தரம்மா சொல்லியிருந்தார், அவள் மறந்தால் ராவுத்தரே வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். உணர்ச்சி இல்லாத கைக்குக் கண்தான் காவல் என்று மற்ற நோயாளிகளுக்குச் சொல்வோம், இவளுக்கு மரமும் இருக்கிறது, நல்லதுதானே என்று எஸ்தரம்மா அதோடு விட்டுவிட்டார். ஜனங்கள் துணியும் கொடுக்க ஆரம்பித்தார்கள், மூட்டையை வண்டிப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், தேய்த்த துணியை அங்கேயிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

வெளியூருக்கும் சேதி போயிற்று. சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போன ஒரு பஞ்சாயத்துத் தலைவர் காரில் வந்து, எனக்கும் ஒரு மரம் பார்த்துச் சொல்லுங்கள், தென்னையாக இருந்தால் தேவலை என்றார். மனசு மரத்துப்போச்சு என்று பெண்டாட்டி நாள் தவறாமல் திட்டுகிற ஒரு பேங்க் ஊழியர், அது எந்த மரத்துக்குப் போயிருக்கும் என்று ஊரில் இருக்கிற ஒவ்வொரு மரத்தடியிலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். வேப்பமரத்தடியில் அவருக்கு அழுகை வந்ததாகச் சொல்கிறார்கள்.

தை பிறந்தபோது மூக்கம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை அவள் தோலை ஏற்கெனவே கறுத்த செம்பு நிறமாக்கியிருந்தது, அதற்கு அவள் பழகியிருந்தாள். இப்போது உடம்பெல்லாம் சிவந்த கட்டிகள் எழும்பின, முழங்கை நரம்பு கயிறுபோல் வீங்கியது. உள்ளே செத்துக்கொண்டிருக்கிற கிருமியோடு உடம்பு போடுகிற சண்டை இது, சிலருக்கு இப்படி வரும், இதை அடக்க வேறு மாத்திரை தருகிறேன், பழையதை மட்டும் நிறுத்தவே கூடாது என்றார் எஸ்தரம்மா. அவள் கைக்குத் தெரியாத அந்தச் சண்டை முழுக்க மரத்துக்குத் தெரிந்தது. பட்டையில் முண்டு முண்டாக முடிச்சு எழுந்தது, பிசின் வழிந்தது, இலைகள் மூடுவதற்குக்கூட மிச்சமில்லாமல் உதிர்ந்தன. மாசி முடிவதற்குள் ஒரு இலை இல்லை. மரம் எலும்பாக நின்றது, அடுத்த கோடை வாசலில் நின்றது.

மாத்திரையால்தான் மரம் சாகிறது என்ற பேச்சு யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. பங்குனியில் எஸ்தரம்மா புது அட்டை கொண்டுவந்த அன்று, மாதத்தின் முதல் மாத்திரைகளை நோயாளி அவர் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்பது முறை என்பதால், எல்லாரும் அந்த நேரம் பார்த்து வண்டியைச் சுற்றி வந்து நின்றார்கள். ராவுத்தர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஐப்பசி மழை வருகிற வரைக்கும் மட்டும் நிறுத்தி வைத்தால் என்ன, மரம் கொஞ்சம் தேறிக்கொள்ளட்டுமே, அதற்குப் பிறகு சாப்பிடலாமே என்றார். நிறுத்தினால் செத்தது போக மிச்சமிருக்கிற கிருமி எழுந்துகொள்ளும், கையும் முழுக்க மடங்கிப் போகும், கண் போகும், உங்கள் மரத்துக்காக ஒரு பெண்ணைக் குருடாக்கச் சொல்கிறீர்களா என்று எஸ்தரம்மா ஆத்திரத்தோடு கேட்டார். யாரும் கலைந்து போகவில்லை.

மூக்கம்மாள் எல்லார் முகத்தையும் பார்த்தாள். இவர்கள் அவளைக் கிளம்பச் சொல்லவில்லை, வாக்குத் தவறவில்லை. ஆனாலும் அவளுக்குப் பயமாக இருந்தது. நிழல் இல்லாமல் இவர்களுக்கு அவள் எதற்கு? கண் போனாலும் இந்த இடம் போகாதல்லவா என்று அவள் கணக்குப் போட்டாள், பாவம், அப்படி ஒரு கணக்கு.

"நிறுத்திர்றேன் சிஸ்டர்" என்றாள். "இத்தன சனத்தையும் வெயில்ல போட்டுட்டு எனக்கு மட்டும் எதுக்கு ஒடம்பு?"

எஸ்தரம்மா மாத்திரைகளை வண்டிப் பலகையின் ஓரத்தில், துணி வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவை அங்கேயே கிடந்தன. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முத்திருளன் முன்னால் வந்தார். காது மந்தமானவர், பேசியது பாதி கேட்டிருக்காது, ஆனால் அவள் முகம் தெரிந்தது. பலகையிலிருந்து மாத்திரைகளை எடுத்தார். அவளிடம் நீட்டினார். மடங்கிய விரல்களால் அவளால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை, ஒன்று நழுவிக் கீழே விழப் பார்த்தது. அவர் சட்டென்று அவள் வலது உள்ளங்கையைத் தன் இடது கையால் தாங்கிப் பிடித்து, மாத்திரைகளை அதில் வைத்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மேலே தன் வலது கையை வைத்து மூடினார்.

"வெயிலு எங்களுக்கென்ன புதுசா தாயி?" என்றார். "முழுங்கு."

அப்போதுதான் பூக்காரி மேலே கையைக் காட்டினாள். மேற்குக் கிளையின் நுனியில், இலை ஒன்றுகூட இல்லாத இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு பூ விரிந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கொப்பில் இன்னொன்று விரிந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மொட்டு விட்டதையே யாரும் பார்க்கவில்லை, பட்டுக் குஞ்சம் குஞ்சமாகப் பூ, கொப்பு கொப்பாகத் தாவிக்கொண்டே போய், பட்டை முடிச்சுகளைக்கூட விடாமல், பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது கை முழுக்கப் பூத்துவிட்டது. இவ்வளவு காலமும் அந்த மரம் வலிக்கு மட்டும்தான் அசைந்தது என்பதும், அது ஏன் என்பதும் அங்கே நின்றவர்களுக்கு ஒரே நேரத்தில் உறைத்தது. கையுறை தைத்தார்கள், வாளி கொண்டுவந்தார்கள், குரல் கொடுத்தார்கள், எல்லாம் செய்தார்கள். அந்தக் கையை இதுவரை நெருப்பும் முள்ளும்தான் தொட்டிருந்தன, மனிதர் யாரும் தொட்டதில்லை. எஸ்தரம்மாகூட அந்தக் கையைப் பேனா நுனியால்தான் தொட்டார், விரலால் தடவியது முழங்கையை மட்டும்தான். பூக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராவுத்தர் தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, வரிசை என்று யாரும் சொல்லாமலே முத்திருளனுக்குப் பின்னால் போய் நின்றார்.

அந்தக் கோடை முழுக்க ஆவாரங்குளம் பஸ் நிலையத்தில் நிழல் இல்லை. கீற்றுப் பந்தல் போட்டுச் சமாளித்தார்கள். மூக்கம்மாள் மாத்திரையைக் கடைசி அட்டை வரைக்கும் சாப்பிட்டாள், கிருமி செத்தது, கண் தங்கியது, விரல்களும் மிச்சமிருந்தவை எல்லாம் தங்கின. உணர்ச்சி திரும்பவில்லை, எஸ்தரம்மா சொன்னபடிதான். ஆனி மாதத்தில் மரம் துளிர்த்தது. இதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்றைக்கு அவள் மாத்திரைகளை விழுங்கித் தண்ணீர் குடித்த பிறகும் முத்திருளன் அவள் கையை விடவில்லை. அவளுக்கு அது தெரியவில்லை, குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். தன் கை இன்னொரு கைக்குள் இருப்பதைப் பார்த்தாள், பிறகு அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள்.

"அழுத்திப் புடிச்சிருக்கீகளாண்ணே, லேசாவா?" என்று கேட்டாள்.

"லேசாத்தான் தாயி."

அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்படியா இருக்கும்?" என்றாள், யாரிடமும் இல்லாமல். "மறந்தே போச்சு."

ஸ்டாண்டில் சவாரிக்கு ஆள் வந்து முத்திருளனைக் கூப்பிட்டது. கூப்பிட்டது காதில் விழாததுபோல் அவர் அங்கேயே நின்றார்.